நந்தியின் மூக்கணாங்கயிறு

எங்கள் பக்கத்துக் கோயில்களில் நந்திக்கு மூக்கணாங்கயிறு கிடையாது. கழுத்தில் மணி இருக்கும், சலங்கை இருக்கும், மூக்கில் கயிறு இருக்காது. நான் வரைந்த நந்திக்கு இருந்தது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அச்சகம் ஒன்றில் டி.டி.பி. ஆபரேட்டர்.

ஊர் எம். புதுப்பட்டி. அப்பாவும் அம்மாவும் பண்ணை வீட்டு மாடு மேய்த்து, காட்டு வேலை பார்த்து, மழை பொய்த்த பிறகு பட்டாசு ஆலைக்குப் போனவர்கள். அலுமினியப் பொடி படிந்து அம்மாவின் நகங்கள் வெள்ளியாக மினுங்கும். அந்த மினுக்கத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். "நீயாச்சும் மருந்துல கை வைக்காம இருக்கணும் புள்ள" என்று சொல்லித்தான் என்னைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தாள். இந்த வேலை போனால் எனக்கும் அந்த ஆலைதான்.

தினசரி காலண்டர் என்றால் முந்நூற்று அறுபத்தைந்து தாள். அமாவாசைக்குக் கறுப்பு வட்டம், சஷ்டிக்கு வேல், பிரதோஷத்துக்கு நந்தி. ஒவ்வொரு படத்தையும் தனியாகக் கொண்டுவந்து, நகர்த்தி நகர்த்தி உட்காரவைக்க வேண்டும். ஒரு வரி கூடினால் படம் இடம் மாறிப்போகும். கழுத்து வலியும் கோபமுமாக ஒருநாள் வழி தேடினேன். எங்கள் தமிழ் ஃபான்ட்டில் சில கீகள் சும்மா கிடந்தன. ஃபான்ட்டைத் திறந்து திருத்தும் மென்பொருள் ஒன்றும் கைமாறி வந்த சிடியில் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து அந்தக் கீகளில் படங்களை வரைந்து வைத்தேன். ஒன்றைத் தட்டினால் வேல், இன்னொன்றைத் தட்டினால் நந்தி. நந்திக்கு என் மனதில் இருந்தது பண்ணை வீட்டு மாடு. கை தன் போக்கில் மூக்கில் கயிற்றையும் போட்டுவிட்டது. அச்சில் மிளகளவுதான் இருக்கும் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

அந்த ஃபான்ட் சென்னைக் கம்பெனி ஒன்று செய்தது. நாங்கள் வாங்கியதில்லை, காப்பிதான். ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வைத்திருந்தோம். பக்கத்து அச்சக ஆபரேட்டர்கள் டீக்கடையில் கேட்டபோது என் படங்களையும் பிளாப்பியில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு சீசனில் பாதி ஊர் என் நந்தியைத் தட்டிக்கொண்டிருந்தது. பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மூன்றாவது சீசனில் அந்தக் கம்பெனி ஆள் அச்சகம் அச்சகமாக ஏறி இறங்கினார். எங்களிடமும் வந்து, என் கம்ப்யூட்டரிலேயே புது ஃபான்ட்டை ஏற்றிக் காட்டினார். காலண்டர் படங்கள் புதிதாகச் சேர்த்திருக்கிறார்களாம். நந்தியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கில் கயிறு.

"இது யார் போட்டது சார்?"

"எங்க டிசைனர்ஸ்தான் மேடம். எல்லாம் எங்க காப்பிரைட். பழைய காப்பியை அழிச்சிட்டு இதை வாங்கிட்டா கேஸ் எதுவும் வராது."

ஒரு தாளையும் வைத்துவிட்டுப் போனார். ஃபான்ட்டில் உள்ள எழுத்தும் படமும் முழுக்கக் கம்பெனிக்கே சொந்தம் என்று முதலாளியும் ஆபரேட்டரும் கையெழுத்துப் போட வேண்டும். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வாராம்.

முதலாளி அண்ணாச்சியிடம் கயிற்றைக் காட்டினேன்.

"தெரியும் தாயி. நீ வரஞ்சப்ப நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்" என்றார். "உன்னுதுன்னு எப்பிடிச் சொல்லுவ? எங்க ஃபான்ட்ட எதுக்குத் தொறந்தன்னு அடுத்து கேப்பாக. கம்ப்யூட்டர் அம்புட்டையும் தூக்கிட்டுப் போயிருவாக. சீசன் நேரம்."

"அப்ப நான் வரஞ்சது?"

"நாளைக்கு எனக்கு மிஷின் ஓடணும் தாயி. உனக்கு வேலை இருக்கணும்."

அண்ணாச்சி திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் திட்டவில்லை. அது என் கயிறு என்று நிரூபித்தால், அவர்கள் ஃபான்ட்டை உடைத்ததும் நான்தான் என்று நிரூபித்த மாதிரி ஆகும். நானும் அவர்களுடையதை எடுத்தவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கையில் தாள் இருந்தது, என் கையில் ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டேன்.

பிறகு புது ஃபான்ட்டைத் திறந்து அந்தக் கயிற்றையாவது எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். திறக்க முடியாதபடி பூட்டியிருந்தார்கள். என் தப்பைத் திருத்தக்கூட எனக்கு உரிமை இல்லை. மாதம் இரண்டு பிரதோஷத்துக்கும் அதே கீயைத் தட்டினேன்.

அந்த வருஷம்தான் முதன்முதலாகப் பெரிய சைஸ் காலண்டர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். தை மாதப் பிரதோஷத்தன்று காலையில் அம்மா முந்தின நாள் தாளைக் கிழித்துவிட்டு அப்படியே நின்றாள். அன்றைய தாளில் நந்தி புளியங்கொட்டை அளவு இருந்தது.

"இங்கன பாரு புள்ள, நந்திக்கு மூக்கணாங்கயிறு போட்டிருக்காக. நம்ம மேச்ச மாடு கணக்காவே இருக்கு. யாரு வரஞ்சாகளோ, நம்ம பக்கத்து ஆளாத்தான் இருக்கணும்."

நான் படம் வரைவேன் என்பதே அவளுக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆலை வேன் முழுக்கப் பெருமையடித்திருப்பாள்.

"மெட்ராஸ்காரக வரஞ்சதும்மா" என்றேன்.

"அவுகளுக்கு நம்ம மாட்ட எப்பிடித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வேனுக்கு ஓடினாள். அந்த ஆளிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.