வெள்ளிக்கிழமை வந்த குப்பை வண்டி

என் வீட்டுக்காரருக்குத் தன் பெயரைக் கல்லில் பார்த்துவிட வேண்டும் என்று தீராத ஆசை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் பிரசிடெண்ட் ஆனதும் அந்த ஆசை இன்னும் ஏறிப்போனது.

அந்த நேரம் பார்த்துத்தான் டவுனில் குப்பை எரிக்க ஒரு பெரிய சூளை கட்டப் போவதாகப் பேச்சு வந்தது. டவுன் பணம் மட்டும் போதாதாம். சுற்றியுள்ள ஊர்ப் பஞ்சாயத்துகளும் ஆளுக்கொரு பங்கு போட வேண்டும். போட்டால் அந்தந்த ஊர்க் குப்பையையும் சேர்த்து எரித்துத் தருவார்கள். பங்கு போட்ட பிரசிடெண்டுகளின் பெயரையெல்லாம் சூளை வாசலில் கல்லில் வெட்டுவார்கள் என்று எவரோ இவர் காதில் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். அதன்பிறகு மனிதர் சோற்றைச் சாப்பிடவில்லை, சூளையைத்தான் சாப்பிட்டார்.

பஞ்சாயத்தில் இருந்ததோ ஒரே ஒரு தொகை. ஊர்க் கிணற்றில் பாறைக்கு வேட்டு வைத்து ஆழப்படுத்த ஒதுக்கியது. சித்திரை பிறந்தால் அந்தக் கிணற்றில் வாளி பாறையில் மோதி டங்கென்று சத்தம் போடும். அரைக் குடம் ஊறும்வரை நாங்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டு நிற்போம். கதை தீர்ந்துபோகும், குடம் நிறையாது.

"ஏனுங்க, கிணத்துக் காசைக் கொண்டுபோயி அடுப்புலயா போடப்போறீங்க?" என்று கேட்டேன்.

"அடுப்பில்ல புள்ள, சூளை. ஊரே சுத்தமாயிரும் பாரு."

"எரிக்கறதுக்கு நம்மூர்ல என்னங்க இருக்குது?"

"குப்பைக்கா பஞ்சம்? ஊட்டுக்கு ஊடு கெடக்குது."

கிடந்தது உண்மைதான். ஆனால் எருக்குழியில் கிடந்தது. சாணி, சாம்பல், மாடு தின்று கழித்த கூளம், வாசல் கூட்டின மண் எல்லாம் அதில் போய் மக்கும். மழைக்கு முன்னால் வண்டி கட்டி, விதைக்கிற காட்டில் உரமாகக் கொண்டுபோய்க் கொட்டுவோம். பெண் கொடுக்க வருகிறவர்கள்கூட மாப்பிள்ளை வீட்டில் மாடு கன்று எவ்வளவு என்று தெரிந்துகொள்ள முதலில் எருக்குழியைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். என் அப்பா அப்படிப் பார்த்துத்தான் என்னை இவருக்குக் கொடுத்தார். ஆளையும் கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கலாம்.

டவுனிலிருந்து சுகாதார ஆபீசர் சொல்லி அனுப்பினார். ஒரு நாள் வண்டி ஊரைச் சுற்றி வரும், சேருகிற குப்பையை அவர் கண்ணால் பார்ப்பார், பார்த்ததும் ஊரைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்வார். எந்த நாள் என்பதைப் பிரசிடெண்டே சொல்லலாம்.

நல்ல நாள் பார்ப்பதென்றால் இவர் என்னைத்தான் கேட்பார்.

"எந்தக் கெழம சொல்லட்டும் அம்மிணி?"

"நல்ல காரியமுங்க. வெள்ளிக்கெழமையே வரச் சொல்லிப்போடுங்க" என்றேன், கீரையை ஆய்ந்துகொண்டே.

மனிதர் குளிர்ந்துபோனார். பிறந்ததிலிருந்து விளக்குமாற்றைக் கையால் தொடாதவர். தொட்டிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்.

வெள்ளிக்கிழமை வந்தது. செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய சரிகைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆபீசரோடு முன்னால் நடந்தார். பின்னால் காளைகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் குப்பை வண்டி. அதன் பின்னால் வேடிக்கை பார்க்கிற சாக்கில் நான்.

முதல் வீடு இவருடைய சொந்த அக்கா வீடு.

"அக்கா, கூட்டுனதை எடுத்தாந்து வண்டியில போடு" என்றார்.

"என்றா தம்பி, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? வெள்ளிக்கெழம அதுவுமா ஊட்டுக் குப்பைய வெளியில அள்ளிக் குடுக்கச் சொல்ற! லச்சுமியும் கூடவே வண்டியேறிப் போயிருவாளே!"

அடுத்த வீட்டுக்காரி கொஞ்சம் இரக்கப்பட்டாள். "நாளைக்கு வாங்க சாமி, ஒரு கூடை சாம்பலாச்சும் தாரேன். இன்னிக்கு உப்புக்கல்லுகூட வெளிய குடுக்க மாட்டோமுங்க."

கோடி வீட்டுக் கிழவி ஆபீசரையே மடக்கினாள். "எரிச்சுப்போட்டுச் சாம்பலத் திருப்பித் தருவீங்களா, இல்ல நீங்களே வெச்சுக்குவீங்களா?"

வண்டி ஊரைச் சுற்றிவிட்டுக் காலியாகக் கிணற்றடிக்கு வந்து நின்றது. ஆபீசருக்கு நாக்கு வறண்டுவிட்டது, குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான்தான் வாளியை இறக்கினேன். டங்கென்றது. ஊறட்டும் என்று எல்லோரும் நின்றோம். ஒருவழியாக அரை டம்ளர் கலங்கல் தண்ணீர் வந்தது. அவர் டம்ளரைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், பிறகு வண்டியைப் பார்த்தார்.

"பிரசிடெண்ட், உங்க ஊர்ல குப்பையும் இல்ல, தண்ணியும் இல்ல. இதுல நீங்க சூளைக்குப் பங்கு போட்டு என்ன பண்ணப்போறீங்க? முதல்ல கிணத்த வெட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் இவர் துண்டைக்கூட எடுக்காமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. காப்பி கொண்டுபோய் வைத்தேன்.

"ஏ புள்ள, வெள்ளிக்கெழமன்னு சொன்னது நீதான?"

"நல்ல நாள் கேட்டீங்க, சொன்னேன். நல்ல நாளாத்தானுங்க போச்சு?"

முறைத்துப் பார்த்தார். அந்த முறைப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. முதலில் சரிகைத் துண்டு குலுங்கியது, அப்புறம் வயிறு குலுங்கியது.

"நீயி பிரசிடெண்டா இருந்திருக்கோணும்!"

"வேண்டாமுங்க. துண்டு எனக்குப் பொருந்தாது."

அந்த வருஷமே பாறைக்கு வேட்டு வைத்தார்கள். வாளி டங்கென்பதை மறந்தது. கிணற்று மேடையில் கல் பதித்து அதில் இவர் பெயரையும் வெட்டினார்கள். குடம் வைக்க அந்தக் கல்தான் வாகாக இருந்ததால், எப்போது பார்த்தாலும் பெயர்மேல் யாருடைய குடமாவது உட்கார்ந்திருக்கும். நான் போனால் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு, ஈர முந்தானையால் அதைத் துடைத்துவிட்டுத்தான் வருவேன். வாயால் சொல்லக் கூடாத பெயர்தான். துடைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.