தாணு தரையோரம் பதித்த பெட்டி

தாணு என் தங்கை பூமாரிக்கு ஒரே மகன். அவன் அப்பன் சொரிமுத்து என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். அக்காளும் தங்கையுமாக ஒரே குடும்பத்தில் வாக்கப்பட்டு, கட்டட வேலைக்கென்று வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்தவர்கள் நாங்கள். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் அடுத்தடுத்த வீடு. சொரிமுத்து மஞ்சள்காமாலையில் போனபோது தாணு ஆறாம் வகுப்பு. அப்புறம் பூமாரி கரமனை அக்கிரகாரத்தில் தரை கழுவி, பாத்திரம் தேய்த்து அவனைப் படிக்க வைத்தாள். இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் அவன் மறைத்தான். எங்கள் வீட்டுப் பிள்ளை என்பதால் எழுதும்போது எனக்கே கூசுகிறது.

வீடுகளுக்கு இன்டர்நெட் வர ஆரம்பித்த காலம். இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். தாணு ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்திருந்தான். ஃபோன் வயரைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியில் கொண்டு முடித்து, அதிலிருந்து மோடத்துக்கும், மோடத்திலிருந்து ரௌட்டருக்கும் இணைத்து, கம்ப்யூட்டரில் பேரும் ரகசிய வார்த்தையும் போட்டுக் கொடுக்கிற வேலை. காலர் வைத்த சட்டை, கழுத்தில் தொங்கும் அட்டை. கூட வேலை செய்தவர்கள் அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், "வீட்டுல இருக்காங்க" என்பானாம்.

சாம்பசிவன் என்று ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர். அவர் மனைவி சூடாமணி. அமெரிக்காவில் இருக்கும் மகன் முகத்தைப் பார்த்துப் பேசுவதற்காக இணைப்புக் கேட்டிருந்தார்கள். அது பூமாரி காலையில் வேலை செய்யும் வீடு. தாணுவுக்குத் தெரியும். அதனால்தான் மத்தியானம் வருகிறேன் என்று சொல்லி, அவள் கிளம்பிப் போன பிறகு போனான்.

"சுவர்ல வயர் கண்ணுல படப்படாது, பாத்துக்கோ" என்றாராம் சூடாமணி மாமி. பெட்டியைத் தரையிலிருந்து ஒரு முழமாவது உயரத்தில் வைக்க வேண்டும் என்று கம்பெனியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். இவன் மாமிக்காகத் தரையை ஒட்டிப் பதித்தான். வெள்ளிக்கிழமை தோறும் அந்தத் தெரு வீடுகளில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரை கழுவுவார்கள். ஊரில் வேறு எவனுக்கும் இது தெரியாமல் போகலாம். இவனுக்குத் தெரியாமல் போகலாமா? கழுவுகிறவள் இவனைப் பெற்றவள். அவள் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணுக்கு மருந்து வாங்கி வருகிறவனும் இவன்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. மோடத்தில் நிலையாக எரிய வேண்டிய விளக்கு மினுங்கத் தொடங்கி, அணைந்தது. தாணு மத்தியானம் போய், பெட்டியைத் திறக்காமல் வெளி வயரை மட்டும் மாற்றினான். இரண்டு நாள் கழித்துத் தானாகவே சரியாக ஓடியது. அடுத்த வெள்ளி மறுபடியும் அதே கதை. இந்தத் தடவை மோடத்தையே மாற்றினான், ரௌட்டரை வேறு இடத்தில் தூக்கி வைத்தான். சாம்பசிவன் கிண்டல் பேசுகிற மனிதர். "ஏண்டா, உன் மெஷின் வெள்ளிக்கிழமை விரதம் இருக்கோ?" என்றாராம். கம்பெனியிலோ கிண்டல் இல்லை. அடுத்த புகாரும் தாணு செய்த வேலையில் வந்த குறை என்று தெரிந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"கோளாறு வரச்சே வந்து பாரு. வெள்ளிக்கிழமை கார்த்தால வா" என்று சாம்பசிவன் பிடிவாதம் பிடித்தார். தாணுவால் தட்ட முடியவில்லை.

போனபோது பூமாரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். மகனைப் பார்த்ததும் முகம் மலர்ந்திருக்கிறது. அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டு நேரே சுவருக்குப் போய்க் குந்தினான். பெட்டியைத் திறந்தான். உள்ளே தண்ணீர். செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

"என்னடா அது?" என்று மேலே நின்றபடி கேட்டார் சாம்பசிவன். கையில் ஃபோன், மறுமுனையில் கம்பெனி மேலாள். அடுக்களை நடையில் மாமி நின்றார்.

தாணு தலை நிமிராமலே களிம்பைச் சுரண்டினான். பிறகு சொன்னான். "வெள்ளம் கேறியிருக்கு சார். தரை கழுவுறவங்க பாக்காம ஊத்தியிருக்காங்க. இந்த வேலைக்கு வர்றவங்களுக்கு இதொண்ணும் அறிஞ்சூடா, தெரியாது சார். நாமதான் சொல்லிக் கொடுக்கணும்."

பூமாரி கையில் துடைப்பத்தோடு நின்றாளாம். அப்புறம், "ஆமா சாரே, நான்தான் ஊத்திட்டேன். பெட்டியக் கவனிக்கல்ல. இனிமே பாத்துக்கிடுதேன்" என்றவள், குந்தியிருந்தவனைப் பார்த்து, "மன்னிக்கணும் சாரே" என்றாள்.

பெற்ற மகனை!

"உங்க பையன் மேல தப்பில்லை. எங்காத்து வேலைக்காரி பண்ணினது" என்று சாம்பசிவன் ஃபோனில் சொல்லிவிட்டார். தாணுவின் வேலை பிழைத்தது.

மறுநாளிலிருந்து பூமாரி அந்த வீட்டுக்குப் போகவில்லை. கேட்டால் முட்டுவலி என்றாள். மகனுக்குச் சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், பேச்சு மட்டும் குறைந்துபோனது. தாணுதான் தாங்காமல் என் வீட்டு அடுக்களையில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான்.

"தரை கழுவுன பொம்பளைக்குப் பேரு என்னல?" என்று கேட்டேன்.

"விடுங்க பெரியம்ம."

"பேரச் சொல்லுல, கேப்போம்."

எழுந்து போய்விட்டான்.

அதற்கடுத்த வாரம் யாரும் கூப்பிடாமலே டிரில் மெஷினை எடுத்துக்கொண்டு கரமனைக்குப் போயிருக்கிறான். சூடாமணி மாமிதான் கதவைத் திறந்தார்.

"அந்தப் பெட்டிய மேல ஏத்தி வெச்சுத் தாரேன், மாமி."

"இப்போ நன்னாத்தானே வரது?"

"கீழ வெச்சது என் தப்பு. கழுவுனவங்க மேல ஒண்ணும் இல்ல. அவங்க..." டிரில் மெஷினைக் கீழே வைத்தான். "அவங்க எங்கம்மா, மாமி."

மாமி ஆச்சரியப்படவில்லை. "தெரியும்டா. முன்னாடி ஒருநாள் பழவங்காடிப் பிள்ளையாருக்கு அவளும் நானுமாத் தேங்காய் உடைக்கப் போனோம். நீ ஏணி மேல நின்னு வயர் கட்டிண்டிருந்தே. அதோ நிக்கறான் பாருங்கோ என் பிள்ளைன்னு பூமாரி காமிச்சா. ரோடுன்னும் பாக்காம ஒரே சிரிப்பு."

"பின்ன அன்னைக்கு ஏன் மாமி ஒண்ணும் சொல்லல?"

"நீ சொல்லாததை நான் எப்படிடா சொல்றது? வாயைத் திறக்கப் போனேன். அவதான் கண்ணால வேண்டாம்னுட்டா."

பெட்டிக்குப் புது ஓட்டை போட்டு முடிப்பதற்குள் சுவர் இரண்டு இடத்தில் பெயர்ந்துவிட்டது என்றான் தாணு. பூமாரியை நாளைக்கே வரச் சொல்லு என்று மாமி சொல்லியனுப்பினார்.

அன்று சாயங்காலம் பூமாரி என் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தாணு வந்து நின்றபடியே சொன்னான். தான் எல்லாம் சொல்லிவிட்டதையும், மாமிக்கு முன்னமே தெரியும் என்பதையும் சொன்னான்.

பூமாரி கீரையிலிருந்து தலை தூக்கவில்லை. "யாருல உன்னச் சொல்லச் சொன்னா? வேலக்காரியா நிக்கதுல எனக்கு ஒரு கொறச்சலும் இல்ல. இத்தன வருசம் நின்னேன். இனி அந்த வீட்டுல நான் பெத்த பிள்ளையே தெரியாதுன்னு சொன்ன அம்மையால்லா நிக்கணும்?"

"தப்புதாம்மா."

"போவேன். மாமி கூப்பிட்டா போவாம இருக்க முடியுமா? ஆனா நீ அந்த நடையேறக் கூடாது. கேட்டியா?"

"சரிம்மா."

பூமாரி போனாள். பெட்டி உயரத்தில் இருந்ததால் எத்தனை வெள்ளி வந்தும் விளக்கு அணையவில்லை. ஐப்பசியில் இடி விழுந்து அந்த வீட்டு மோடம் கருகியபோதுதான் மறுபடி ஆள் வேண்டியிருந்தது. தாணு கூட வேலை பார்க்கும் ஞானையனைக் கூட்டிக்கொண்டு கரமனை வரை வந்தான். தெருமுனையில் புது மோடத்தை அவன் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, தான் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டான்.

வேலை முடிந்து பூமாரியும் அதே நிறுத்தத்துக்குத்தான் வந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்களாம். பஸ் வந்தது. அவள் முன்வாசலில் ஏறிக்கொண்டாள்.

"அம்மான்னு ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாம்லா?" என்றேன், அன்று ராத்திரி அவன் வந்து சொன்னபோது.

தாணு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். 

"நிறுத்தத்துல ஆளு நெறைய இருந்தாவ, பெரியம்ம."