கூரையில நிண்ட காக்கா

எங்கட காக்கா ஸைனுலாப்தீன், எனக்கு மூத்த கூடப்பொறந்தவர், வாழ்க்கையில பாதியைக் கூரையில கழிச்ச மனுசன். நான் கூட்டிச் சொல்லல்ல. கிண்ணியாவில வயசான ஆரைக் கேட்டாலும், "ஆர், அன்டெனா ஸைனுலாப்தீனா?" எண்டுதான் திருப்பிக் கேப்பாங்க. பாலம் வாறதுக்கு முன்ன துறையில ஆளையும் வாகனத்தையும் ஏத்தி அக்கரைக்குக் கொண்டுபோற 'பாதை' ஒண்டு ஓடினது. அதுல வேலை செஞ்சவர். பாலம் வந்தாப் பொறகு மீன்வாடியில ஐஸ் உடைக்கிறார். ஆனா அந்த வேலைகளால அவருக்கு ஒரு பட்டமும் கிடைக்கல்ல.

கரண்ட் ஒழுங்கா இல்லாத காலம் அது. கார் பெற்றியில ஓடுற ஒரு கறுப்பு வெள்ளை ரீவி எங்கட ஊட்டுல இருந்தது. காக்கா கூரையில அன்டெனாக் குழாயைப் புடிச்சிக்கொண்டு நிப்பார். நான் ஜன்னல்ல நிப்பன். வாப்பா ரீவிக்கு முன்னால கதிரையில இருப்பார். "வருதா?" எண்டு மேல இருந்து சத்தம் வரும். வாப்பா தலையாட்டுறதைப் பாத்து நான் கத்துவன்: "இல்ல, இன்னம் கொஞ்சம் கடல் பக்கம்! ஆ, வருது, வருது... ஐயோ, போச்சு காக்கா!" கொட்டியாரக் குடாக் காத்து சும்மா விடுமா? கையை எடுத்தா படமும் போயிடும்.

தொண்ணூத்தாறில கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை இலங்கை வெண்ட அண்டைக்கு முழு ஆட்டத்துக்கும் காக்கா குழாயை விடல்ல. குடிக்கிற பிளேன்டியைக் கூட நான்தான் ஏணியில ஏறிக் குடுத்தனான். கீழ பாதி ஊர் குந்தியிருந்து கூத்தடிக்குது, அவர் ஒரு பந்தைக் கண்ணால காணல்ல. ஆனா அடுத்த நாள் பாதையில நிண்டு அந்த ஆட்டத்தை அவர் சொன்ன விதம் இருக்கே! ரீவியில பாத்தவங்களே வாயைப் பொளந்துகொண்டு கேட்டாங்க. சத்தத்தை வெச்சே முழுக்கக் கட்டிப்போட்டார் மனுசன்.

அந்தச் சத்தத்துக்கு நான் இப்பவும் ஏங்குறன். இப்ப எங்க? ஒரு ஊட்டுக்குள்ள அஞ்சு போன், ஆளுக்கொரு மூலை. பக்கத்துல இருக்கிறவன் சிரிச்சா, ஏன் சிரிக்கிறான் எண்டும் தெரியாது.

சரி, விசயத்துக்கு வாறன். காக்காட மகன் றுமைஸ் கட்டார்ல வேலை செய்யிறான். போன வருசம் வேலைத் தளத்துல விழுந்து காலை முறிச்சிக்கொண்டான். ஆறிட்டு எண்டு சொன்னான். ஆனா வீடியோ கோல்ல எப்ப பாத்தாலும் கட்டில்ல குந்திக்கொண்டு மூஞ்சியை மட்டும்தான் காட்டுவான். "எழும்பி நட பாப்பம் மகன்" எண்டு காக்கா கேட்டா, "என்ன வாப்பா, நான் சின்னப் புள்ளையா?" எண்டு சிரிச்சி மழுப்புவான். காக்கா அண்டையில இருந்து சரியாச் சாப்பிடல்ல. மகன்ட கால் போயிட்டு, நம்மளுக்கு ஒளிக்கிறான் எண்ட ஒரே நினைப்பு.

அப்படி இருக்கக்குள்ளதான், அங்க இருக்கிற நம்மட பொடியன்மார் நடத்துற உதைபந்தாட்டத்துல தான் விளையாடுறதாகவும், அதை லைவ்வா போடுறதாகவும் றுமைஸ் சொன்னான். அரையிறுதியை எல்லாரும் போன்ல பாத்தம். டேட்டா முடியப் போற நேரம். காக்காட மகள் சனூஸா படத்தை ஆகக் குறைஞ்ச தரத்துல வெச்சாள். அல்லாஹ்! ஆள் ஒண்டும் தெரியாது, சவர்க்காரக் கட்டிகள் ஓடுற மாதிரி இருந்தது. அதுல ஒரு கட்டி நொண்டி நொண்டி ஓடினது. "அதுதான் என்ட மகன்" எண்டு காக்கா சொன்னார். மதினி மைமூனா அழத் தொடங்கினா. நானும் அழுதன், பொய் சொல்லுவானேன். ரெண்டு நாள் ஊடு மையத்து ஊடு மாதிரிக் கிடந்தது.

விசயம் கேட்டு றுமைஸ் வீடியோ கோல் எடுத்து விழுந்து விழுந்து சிரிச்சான். "வாப்பா, அது றெஃப்ரி! அவருக்கு முழங்கால் வாதம்!"

நாங்க சிரிச்சம். காக்கா சிரிக்கல்ல. "என்னைச் சமாளிக்கிறான்" எண்டார்.

அதால இறுதியாட்டத்தைத் தெளிவாப் பாத்தே ஆகணும் எண்டு முடிவாச்சு. சனூஸா அந்தக் கிழமை முழுக்க ரீல்ஸ் பாக்காம நோன்பு புடிச்ச மாதிரி டேட்டாவைச் சேத்து வெச்சாள். மதினிக்கு மூட்டு வருத்தம், ஏணி ஏற ஏலாது. அதால போன்ல இருந்து ஹொட்ஸ்பொட் குடுத்து கீழ ரீவியில போடுறது எண்டு ஏற்பாடு. ஆனா பின் வளவுல மாடி ஊடு கட்டினதுல இருந்து எங்கட ஊட்டுக்குள்ள சிக்னல் செத்துப் போச்சு. கூரைக்கு மேலதான் நல்லா வரும்.

மஃரிபுத் தொழுகை முடிஞ்ச கையோட காக்கா ஏணியை எடுத்துச் சாத்தினார். அந்தப் பழைய அன்டெனாக் குழாய் துருப்புடிச்சி இன்னம் அங்கதான் நிக்குது. போனை அதுல கட்டிப் பாத்தார். காத்துக்குக் குழாய் ஆட, கீழ ரீவியில வட்டம் சுத்துது. கையால உயத்திப் புடிச்சார். படம் கண்ணாடி மாதிரி வந்தது.

"வருதா?"

"வருது வாப்பா!" எண்டாள் சனூஸா. "அப்படியே நில்லுங்க! போன்ல நீங்களும் பாக்கப் போனா இங்க நிண்டுடும்!"

"நான் பாக்கல்ல. உம்மாவுக்குக் காட்டு."

எனக்கு வந்ததே ஒரு கோவம்! தொண்ணூத்தாறிலயும் இதே கூரை, இதே குழாய், இதே கூத்து. மகன்ட காலை நினைச்சி உருகினது இந்த மனுசன். இப்ப ஊரெல்லாம் பாக்க, இவர் மட்டும் வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறதா? அபாயாவைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறினன்.

"பரீனா, உனக்கு விசரா? விழுந்திடுவாய், இறங்கு!"

"நீங்க இறங்குங்க காக்கா. போனைத் தாங்க."

"உனக்குப் புடிக்கத் தெரியாது."

"முப்பது வருசத்துக்கு முன்னமே ஜன்னல்ல நிண்டு உங்களுக்குத் திசை சொன்னவள் நான். எனக்கா தெரியாது? தாங்க எண்டுறன்!"

தந்தார். ஏணியில ஒவ்வொரு படியிலயும் நிண்டு நிண்டு இறங்கினார். அவருக்குப் பாக்கவே பயம், அதான் உண்மை. நொண்டினா என்ன செய்யிறது எண்ட பயம்.

நான் போனை உயத்திப் புடிச்சிக்கொண்டு நிண்டன். தூரத்துல பாலத்து லைட்டுகள் தெரிஞ்சது. கை கடுக்குது.

"வருதா?" எண்டு கத்தினன். அந்தக் கேள்வியை அந்த இடத்துல இருந்து நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

போனைத் தலைக்கு மேல இன்னம் கொஞ்சம் தூக்கினன்.

"காக்கா! வருதா எண்டு கேக்கிறன்!"

ஒண்டுமில்ல. டேட்டா முடிஞ்சிட்டோ, இல்லாட்டி அந்தப் புள்ள உண்மையிலயே நொண்டுறானோ? இறங்குவம் எண்டு ஒரு காலை ஏணியில வெச்சன்.

"அசையாத புள்ள!" காக்கா கீழ இருந்து கத்தினார். "வருது. நல்லா வருது. ஓடுறான். என்ட மகன் ஓடுறான்!"

நான் ஏணியில இருந்து காலை எடுத்திட்டு, ஆட்டம் முடியுமட்டும் அங்கயே நிண்டு அழுதன்.

முடிஞ்சாப் பொறகு இறங்கி வந்து, "எத்தனைக்கு எத்தனை காக்கா? ஆர் வெண்டது?" எண்டு கேட்டன்.

பாக்காத ஆட்டத்தைப் பந்து பந்தாச் சொன்ன மனுசன், முழு ஆட்டத்தையும் பாத்திட்டு, "அது தெரியா" எண்டார். "ரெண்டு காலும் ஒரே மாதிரி விழுது, பரீனா."