நகர்ந்தது எந்தப் பஸ்

டெப்போவில் அவரை எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டம் சூட்டியது அவருடைய மனைவியின் தம்பி. அவனும் அங்கேயே டிரைவர், வேகப் பேய். அக்காள் கல்யாணத்தில் மூண்ட பகை. காரணம் கேட்டால் இருவருக்குமே இப்போது சொல்ல வராது. ஒருவர் நிழல் ஒருவருக்கு ஆகாது, அவ்வளவுதான்.

அன்று காலை வாசல் சரிவில் இருவர் பஸ்ஸும் உரசாத குறையாக நின்றன. இருவரும் ஏறி உட்கார்ந்து, சன்னல் வழியே எரித்துவிடுவது போல முறைத்துக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் முகம் மெல்ல முன்னால் போனது. இவருக்கோ தன் வண்டி பின்னால் வழுக்குவது போலத் தோன்றியது. பிரேக்கை இன்னும் மிதித்தார். அதற்குள் பக்கக் கண்ணாடிகள் இரண்டும் மாட்டி நொறுங்கின. சத்தம் கேட்டதும் இருவருமே கைபிரேக்கை இழுத்துவிட்டதால், யார் முன்பே இழுக்காமல் இருந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் போயிற்று.

"உன் வண்டிதான்டா வந்துச்சு."

"நல்லாயிருக்கே மச்சான். பின்னால போனது நீங்க. கண்ணைத் தொறந்துட்டே தூங்குனீங்களா?"

தப்பு யார் தலையில் விழுகிறதோ அவர் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, பஸ் கழுவப் போக வேண்டும். மறுநாள் விசாரணை என்றார் மேனேஜர்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. கல்லூரியில் இயற்பியல் படிக்கும் மகள், இந்தத் தகராறு பழைய கிரேக்க நாட்டிலேயே உண்டு என்று ஆரம்பித்தாள். எல்லாமே ஆற்றுத் தண்ணீர் போல ஓடுகிறது என்றாராம் ஒருவர். எதுவுமே நகர்வதில்லை, நகர்வதாகத் தெரிவது கண்ணின் ஏமாற்று என்றாராம் இன்னொருவர். ஆமையை முன்னால் விட்டால் எப்பேர்ப்பட்ட ஓட்டக்காரனும் எட்டிப் பிடிக்க முடியாது என்று கணக்கும் போட்டாராம்.

ஆமை என்றதும் அவருக்குச் சுருக்கென்றது. "நீயுமா? எல்லாம் உங்க மாமன் சொல்லிக் குடுத்ததா?"

"இல்லப்பா. எது நகர்ந்துச்சுன்னு மொட்டையாக் கேக்க முடியாது. எதை வச்சுப் பாத்தீங்க, அதைச் சொல்லணும். வாசக் கம்பத்தைப் பாத்தீங்களா, தரையைப் பாத்தீங்களா?"

"என் சோத்தைத் தின்னுட்டு அவனுக்கு வக்கீலா? எந்திரிச்சுப் போ."

அவள் போய்விட்டாள். கேள்வி போகவில்லை.

சாட்சி இல்லாத தகராறு என்றால், தன் ஸ்டியரிங் மேல் கை வைத்துக் கடவுள் அறியச் சத்தியம் செய்வது அந்த டெப்போவின் வழக்கம். விசாரணையில் மைத்துனன் தடதடவென்று தன் பஸ்ஸில் ஏறி, தன் வண்டி அசையவேயில்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இறங்கினான்.

அடுத்து இவர். கையை ஸ்டியரிங்கில் வைத்தார். வாசல் கம்பமும் சுவரும் அன்று கண்ணுக்கு எதிரேதான் இருந்தன. அவர் பார்த்ததெல்லாம் அந்தப் பாழாய்ப்போன முகம் மட்டும்தான். பார்க்காததைப் பார்த்ததாகக் கடவுளிடம் எப்படிச் சொல்வது?

"அவன் போனதைப் பாத்தேன் சார். நான் நின்னேனான்னு பாக்கலை," என்றார்.

மேனேஜர் அவருடைய வண்டிச் சாவிக்குக் கை நீட்டினார்.

மறுநாள் கழுவ வந்த முதல் வண்டியே மைத்துனனுடையது. அவன் இறங்காமலே தலையை நீட்டினான். "நல்லாத் தேய்ங்க மச்சான். அவசரமில்லை, உங்க வேகத்துக்கே தேய்ங்க."

அவர் நிதானமாகப் போய்க் குழாயை மூடினார்.

"தண்ணி வரலை. அப்படியே போ," என்றார். அவருக்குப் பின்னால் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.