நான்காம் லைனில் ஸ்கோப்பைக் கழற்றிய கதை

1. திங்கட்கிழமை ஃபேக்ஸ்

பினாங்கில் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். அதில் இரண்டு வாரம் ஒரே ஓர் ஆங்கிலச் சொல் என்னை ஆட்டிப் படைத்தது. இப்போது வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லி வைக்கலாம் என்று எழுதுகிறேன். இதில் என் மானம் கொஞ்சம் போகும். போகட்டும், அது அப்போதே போனதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் லைன் 4-க்கு லீடர். எனக்குக் கீழே ஐந்து பெண்கள், ஐந்து பேரும் கான்ட்ராக்ட். மற்ற லைன்களில் கார் ரேடியோவுக்கும் டெலிபோனுக்கும் போகிற சிப்புகளை டெஸ்ட் செய்வார்கள். எங்கள் லைனுக்கு மட்டும் தனி வேலை. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டரம்மா ஒருவர், விண்வெளிக்குப் போகிறவர்கள் அங்கே எப்படித் தூங்குகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தூங்கும்போது அவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு பெல்ட், அதில் உடம்புச் சூட்டை அளக்கும் சென்சார்கள். அந்தச் சென்சார்கள் எங்களிடம் வந்தன. ஒவ்வொன்றையும் அளந்து, ஒரு வாரம் ஓவனில் வேகவைத்து, மறுபடி அளந்து, கெடாமல் தேறியதை அனுப்ப வேண்டும். ஓவனில் வேகவைப்பதற்குப் பெயர் பர்ன்-இன். அளப்பது, மின்னலையைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில். ஃபேக்டரியில் யாரும் அதை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், ஸ்கோப் என்றால் அதுதான். எங்கள் லைனில் இருந்த இரண்டு ஸ்கோப்பும் அந்த டாக்டரம்மா இரவலாகக் கொடுத்தவை.

கடைசி லாட் இருநூற்று நாற்பது சென்சார். எங்கள் மேனேஜர் மிஸ்டர் ஊய் அந்த ஐந்து பெண்களிடமும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். இந்த லாட் ஒழுங்காக ஷிப் ஆனால் ஐந்து பேரையும் நிரந்தரமாக்குவார். பாதியில் நின்றால் கான்ட்ராக்ட் அத்தோடு முடியும். அவர்களில் சுங்கை பினாங்கிலிருந்து வந்த மகேசுக்கு இது உயிர்ப் பிரச்சினை. புருஷன் துறைமுகத்தில் கால் முறிந்து வீட்டில் கிடந்தார். இரண்டு பிள்ளைகள். அவள் சம்பளம்தான் அந்த வீட்டின் சோறு.

மிஸ்டர் ஊய் பயிற்சிக்கென்று இரண்டு வாரம் ஜப்பானுக்குப் போயிருந்தபோது அந்த ஃபேக்ஸ் வந்தது. ஆபீஸ் பெண் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். முக்கியமான வரி ஒன்றே ஒன்று: “லைன் ஐட்டம் ஃபோர் இஸ் டீஸ்கோப்ட் வித் இம்மீடியட் எஃபெக்ட்.” கீழே டாக்டரம்மாவின் கையெழுத்து. அதற்கும் கீழே, கையால், “வெரி சாரி.”

என் ஆங்கிலத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், அப்பா அரசாங்கக் குமாஸ்தா. சாப்பாட்டு மேசையில் இலக்கணப் பிழை விட்டால் அப்பா கறிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிடுவார். அதனால் ஃபேக்டரியில் யாருக்கு என்ன கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். பேங்க் கடிதம், ஸ்கூல் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாம் வாசித்துச் சொல்லுவேன். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு.

ஐந்து பேரும் சுற்றி நின்றார்கள்.

“என்னாக்கா எழுதியிருக்கு?” என்றாள் மகேஸ்.

நான் விளக்கினேன். “டீகேப்னா என்ன? சிப்போட மூடியக் கழட்டுறது. டீஃப்ளக்ஸ்னா? ஃப்ளக்ஸ் பசையக் கழுவி எடுக்கிறது. அப்ப டீஸ்கோப்னா? ஸ்கோப்பக் கழட்டச் சொல்றாங்க. லைன் நாலுல இருக்கிற ஐட்டம், உடனே கழட்டணும். அவங்க ஸ்கோப்பு அவங்களுக்கு வேணுமாம்.”

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விண்வெளி நிலையத்துக்கு அமெரிக்காவில் பணம் வெட்டுகிறார்கள் என்று பேப்பரில் வந்துகொண்டிருந்த நேரம். வீரர்கள் மேலே போவதற்குப் பணம் இருக்கும், அவர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்குத்தான் முதலில் கத்தி விழும் என்று மிஸ்டர் ஊய்யும் சொல்லியிருந்தார்.

“பாவம்லா அந்தம்மா. கொடுத்த சாமானத் திருப்பிக் கேக்கிற நெலம வந்துருச்சு. அதான் சாரி வேற போட்டிருக்காங்க,” என்றாள் மகேஸ்.

2. சாப்பாட்டு நேரம்

ஸ்கோப் இரண்டையும் ஃபோம் வைத்துப் பெட்டியில் கட்டினோம். மிஸ்டர் ஊய் வந்து கையெழுத்துப் போட்டால் அனுப்பிவிடலாம். அன்றைக்குத்தான் இருநூற்று நாற்பதும் ஓவனிலிருந்து வெளியே வருகிற நாள். இனி கடைசி அளவு எடுக்க வேண்டும், கையில் ஸ்கோப் இல்லை.

லைன் 2-க்கு லீடர் ராஜு அண்ணன். சுங்கை பாக்காப்பிலிருந்து பாலம் தாண்டி ஃபேக்டரி பஸ்ஸில் வருவார். அவரிடம் போய் நின்றேன்.

“அண்ணே, ஒங்க ஆளுங்க சாப்பிடப் போற நேரத்துல ஒங்க ஸ்கோப்பு சும்மாதானே இருக்கு?”

“இருக்கு. அதுக்கு?”

ஃபேக்ஸை நீட்டினேன். அவர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “எனக்கென்னமோ இது வேற மாதிரி தெரியுது. ஊய்க்கு ஜப்பானுக்கு ஒரு கால் போட்டுக் கேளேன்,” என்றார்.

“இது எனக்குத் தெரியாதாண்ணே?” என்றேன். இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

ராஜு அண்ணன் நல்ல மனிதர். ஸ்கோப்பைக் கொடுத்தார். அன்றையிலிருந்து எட்டு வேலை நாளும் நாங்கள் பத்தரை மணி டீ பிரேக்கில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை அவசரமாக விழுங்கிவிடுவோம். லைன் 2 சாப்பிடப் போனதும் நாங்கள் ட்ரேயோடு உள்ளே நுழைவோம். முக்கால் மணி நேரத்தில் முப்பது சென்சார். ஒருத்தி எடுத்துக் கொடுக்க, ஒருத்தி அளக்க, ஒருத்தி எழுத. மீதி நேரமெல்லாம் எங்கள் லைனில் மைக்ராஸ்கோப்பில் சென்சாரின் கம்பிக் கால்களைச் சரிபார்ப்பதும் பேக்கிங்கும். பேச்சே கிடையாது. லாட் முடிந்தால் வேலை நிரந்தரம் என்ற ஒரே நினைப்பில் எல்லோருக்கும் கை பறந்தது.

ஒவ்வொரு ட்ரேயோடும் டிராவலர் என்று ஓர் அட்டை போகும். என்ன செய்தோம், யார் செய்தார்கள், எந்த மெஷினில் என்று அதில் எழுத வேண்டும். முதல் நாள் மகேஸ் லைன் 2 ஸ்கோப்பின் நம்பரைத் தேடிக் குனிந்துகொண்டிருந்தாள்.

“நேரம் போகுது மகேஸ். எப்பவும் போடற நம்பரையே போட்டுட்டு வா.”

“அதுலயாக்கா அளக்கிறோம்? இதுலதானே.”

“யாரு பாக்கப் போறா?”

“பாக்காட்டியும் அளந்த ஸ்கோப்பு இதுதானேக்கா,” என்று சொல்லி, அவள் பாட்டுக்கு எழுதினாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. எட்டு நாளும் எரிச்சலாகத்தான் இருந்தது.

எட்டாம் நாள் கடைசி ட்ரேயும் முடிந்தது. தேறாதது மூன்றே மூன்று. பெட்டியில் அடுக்கி ஒட்டினோம்.

3. மிஸ்டர் ஊய் வந்தார்

அடுத்த நாள் மிஸ்டர் ஊய் திரும்பினார். நேரே லைன் 4-க்கு வந்தவர், கட்டி வைத்த ஸ்கோப் பெட்டிகளைப் பார்த்தார்.

“சிவகாமி, ஸ்கோப் ஏன் பெட்டிக்குள்ள இருக்கு லா?” அவர் பேசியது பினாங்கு ஆங்கிலம், நான் தமிழில் எழுதுகிறேன்.

ஃபேக்ஸைக் கொடுத்தேன். வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். பிறகு என்னை ஆபீசுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“ஸ்கோப்னா ஆசிலோஸ்கோப் இல்ல. வேலையோட எல்லை. லைன் ஐட்டம்னா பட்ஜெட்டுல ஒரு வரி. நம்ம லைன் இல்ல. நாலாவது வரியை வெட்டிட்டாங்கன்னு அர்த்தம். ப்ராஜெக்ட்டே இல்ல, சிவகாமி. ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே போயிடுச்சு.”

நான் பேய் முழி முழித்தேன்.

“நீங்க எல்லாரும் இல்லாத வேலையச் செஞ்சிருக்கீங்க,” என்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். “வெள்ளிக்கிழமையோட லைன மூடணும். அந்த அஞ்சு பேருக்கும் நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

வெளியே வந்து அவர்களிடம் சொல்ல வேண்டியது நான்தான். சொன்னேன். நான் தப்பாக வாசித்தேன் என்பதையும் சேர்த்தே சொன்னேன். வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான நாலு வாக்கியம் நான் பேசியதில்லை. நாலு பேர் தலை குனிந்து நின்றார்கள். மகேஸ் மட்டும், “நீங்க சரியா வாசிச்சிருந்தா மட்டும் ப்ராஜெக்ட் இருந்திருக்குமாக்கா?” என்றாள். ஆறுதலாகத்தான் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, டாய்லெட்டுக்குப் போய்விட்டேன்.

ராஜு அண்ணன் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். “படிச்சவன் பாட்டக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டக் கெடுத்தான்,” என்றார். நான் முறைத்ததும், “சரி சரி, தே தண்ணி ஒண்ணு வாங்கித் தர்றேன், வா,” என்று கேன்டீனுக்குக் கூட்டிப்போனார்.

4. எட்டு மணி கால்

மறுநாள் காலை எட்டு மணிக்கு மிஸ்டர் ஊய் அமெரிக்காவுக்குப் போன் போட்டார். அங்கே முந்தின நாள் சாயங்காலம். ஸ்பீக்கரில் போட்டு, என்னையும் உட்கார வைத்தார். நடந்ததை நானே சொல்ல வேண்டும் என்றார். சொன்னேன்.

பிறகு டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார். “அப்படியென்றால், லாட் முடிந்துவிட்டதா?”

“முடிந்துவிட்டது மேடம்.”

“ஓவனுக்கு முன்னால், பின்னால், இரண்டு அளவுமா?”

“இரண்டும் மேடம்.”

அப்புறம் அவர் பேசிய வேகத்தில் எனக்குப் பாதிதான் புரிந்தது. மிச்சத்தை மிஸ்டர் ஊய் பிறகு சொன்னார். அந்த வெட்டில் டாக்டரம்மாவின் ஐந்து ஆராய்ச்சிகளும் விழுந்திருந்தன. ஆனால் அடுத்த வாரம் ஒரு கூட்டம் இருந்தது. கையில் பொருள் தயாராக உள்ள ஆராய்ச்சிக்கு மட்டும், இனிச் செலவு கேட்காவிட்டால், மேலே போக இடம் தரலாம் என்று பேச்சு. தன்னிடம் எதுவும் தயாராக இல்லை என்று நினைத்து அவர் அந்தக் கூட்டத்துக்குப் போகப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தார். ஃபேக்ஸ் கிடைத்த அன்றே பினாங்கில் வேலை நின்றிருக்கும் என்றுதான் அவர் நினைப்பு. நியாயமான நினைப்புதான்.

“ஆனால் எங்கள் ஸ்கோப் இரண்டும் பெட்டியில் இருக்கிறது என்றீர்களே. பின்னால் எடுத்த அளவு எதில் எடுத்தது? அதை நிரூபிக்காவிட்டால் ஒரு சென்சாரைக்கூட ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.”

மிஸ்டர் ஊய் என்னைப் பார்த்தார். என் பேச்சைக் கேட்டிருந்தால் எல்லா அட்டையிலும் பெட்டிக்குள் கிடக்கிற ஸ்கோப்பின் நம்பர்தான் இருந்திருக்கும். இருநூற்று நாற்பதும் குப்பை.

“இருங்க மேடம்,” என்று சொல்லிவிட்டு ஓடினேன். அட்டைக் கட்டைப் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் மகேசின் உருண்டைக் கையெழுத்து. லைன் 2 ஸ்கோப், நம்பர், நேரம், தேதி. ஓர் அட்டைகூட விட்டுப்போகவில்லை. ராஜு அண்ணன் அந்த ஸ்கோப் சரியாக அளக்கிறது என்பதற்கான கேலிப்ரேஷன் சான்றிதழை எடுத்துத் தந்தார், மாத முடிவு வரை செல்லும். அன்று காலை முழுக்க ஃபேக்ஸ் மெஷினில் நின்று ஒவ்வொரு தாளாக அனுப்பினோம். மெஷின் சூடாகி இரண்டு தடவை நின்றது.

மிஸ்டர் ஊய் வெள்ளிக்கிழமை லைனை மூடவில்லை. “ஒரு வாரம் பார்ப்போம்,” என்று மட்டும் சொன்னார். மேலிடத்தில் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை.

அந்த ஒரு வாரம் நாங்கள் மேசையைத் துடைத்தோம். துடைத்த மேசையை மறுபடி துடைத்தோம். நான் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

5. பதில்

பதில் ஒரே வரி. “ஒப்புக்கொள்ளப்பட்டது, அனுப்பவும்.” நான் வாசிக்க மறுத்துவிட்டேன். மிஸ்டர் ஊய்யே வந்து ஐந்து பேர் முன்னாலும் மலாயில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை வாசித்தார். மகேஸ் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் ஆறு பேரும் கேன்டீனில் உட்கார்ந்து மீன் கறியோடு நிதானமாகச் சாப்பிட்டோம். இரண்டாம் தடவை சோறு வாங்கினோம்.

டாக்டரம்மாவின் மற்ற நாலு ஆராய்ச்சிகளும் திரும்பி வரவில்லை. அவர் எழுதிய கடிதத்தில் அதையும் சொல்லியிருந்தார். எலும்பு தேய்வதைப் பற்றியது ஒன்று, அதற்காக அவர் பதினோரு வருடம் உழைத்தாராம். தூக்கத்தைப் பற்றியது மட்டும் பிழைத்தது. ஒன்றாவது பிழைத்ததே என்று எழுதியிருந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு பெல்ட் மேலே போய் வந்தது என்று இன்னொரு கடிதம் வந்தது.

இதிலிருந்து நான் படித்தது இவ்வளவுதான். தெரியாத சொல்லால் பெரிய ஆபத்து இல்லை, அதை நாலு பேரிடம் கேட்போம். தெரியும் என்று நினைக்கிற சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். என் தப்பு நன்மையாக முடிந்தது என் சாமர்த்தியத்தால் இல்லை. பக்கத்தில் ஒருத்தி, யாரும் பார்க்காத அட்டையில் உண்மையை எழுதிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகும் பிள்ளைகள் என்னைப் பார்த்து ஒன்றும் பழக வேண்டாம், அவளைப் பார்த்துப் பழகுங்கள்.

அடுத்த மாதம் ஐந்து பேருக்கும் நிரந்தரக் கடிதம் வந்தது. மகேஸ் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

“வாசிச்சுச் சொல்லுங்கக்கா.”

நான் கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக வாசித்தேன். நிரந்தரம் என்றுதான் இருந்தது. ஆனாலும் என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

“எதுக்கும் மிஸ்டர் ஊய்கிட்டயும் ஒரு தடவ காட்டிக் கேட்டுட்டு வா, மகேஸ்.”

அவள் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள்.

“கேட்டுட்டுத்தான்க்கா வந்தேன்.”