களஞ்சியத்தடியில் கழற்றிய சப்பாத்து

1. நேர்முகம்

தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் மாவு ஆலைக்கு வேலை கேட்டுப் போனபோது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஜெர்மனியில் கோப்பை கழுவினேன், சுவிஸில் ரயில் பெட்டி துடைத்தேன், கனடாவில் இறைச்சி வெட்டினேன். எங்கும் மூன்று வருடத்துக்கு மேல் நின்றதில்லை. லண்டனுக்கு வந்த பிறகு ஏஜென்சி ஷிப்டுகள்தான். ஆலையில் தானியம் கொட்டி வைக்கும் சைலோ பிரிவில் இருந்தது நிரந்தர வேலை. அது கிடைக்காவிட்டால் இந்த வயதில் இன்னொரு நிரந்தர வேலைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

தோர்ண்டன் ஹீத்தில் என்னோடு அறையைப் பகிர்ந்தவன் யூட், மன்னார்க்காரன். நேர்முகத்துக்கு முதல் நாள் பின்னேரம் அவன் எனக்குப் பயிற்சி கொடுத்தான். மூன்று நேர்முகங்களில் தோற்றவன் என்பதால் எல்லாக் கேள்வியும் தனக்குத் தெரியும் என்றான்.

"வேலையில பெரிய பிழை ஏதும் விட்டனீங்களோ எண்டு கேட்பினம். இல்லை எண்டு சொல்லுங்கோ, அண்ணை. அது இன்ரவியூ, சுவாமியாரிட்டைச் சொல்லுற பாவசங்கீர்த்தனம் இல்லை."

சைலோ பிரிவு மேலாளர் ஹெலன் என்ற பெண்மணி. என் படிவத்தில் சான்றிதழ்களுக்கான இடம் வெறுமையாக இருப்பதைப் பார்த்தார். கோதுமையோடு வேலை செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். கனடாவில், பிறேரி என்று சொல்லும் புல்வெளிப் பக்கத்தில், இரண்டு அறுவடை என்றேன். அடுத்ததாக யூட் சொன்ன கேள்வியே வந்தது.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கோதுமையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு பிழையில் கற்றது. அதை ஒளித்தால் அந்த அம்மாவிடம் சொல்ல என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. ஆகவே நடந்ததைச் சொன்னேன். அவரிடம் சொன்ன அளவுக்கே இங்கேயும் எழுதுகிறேன்.

2. இடுப்பளவு

ஹென்ரி என்ற விவசாயியிடம் வேலை. அடுத்த வீடு பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால். கோதுமையை உயரமான உருளைத் தகரக் களஞ்சியங்களில் கொட்டி வைப்பார்கள். அடியில் ஓகர் என்ற திருகுக்குழாய். அதை ட்ராக்டரோடு இணைத்துப் போட்டால் கோதுமை லொறிக்குள் ஓடும்.

அன்று கோதுமை ஓடாமல் நின்றுவிட்டது. ஈரப்பட்ட தானியம் உள்ளே கட்டியாகி அடைத்திருந்தது. ஹென்ரி ஓகரை நிறுத்திவிட்டு, தான் வரும்வரை எதையும் தொடவேண்டாம் என்று சொல்லி, கம்பி எடுக்க வீட்டுக்குப் போனார். எனக்குச் சும்மா நிற்கத் தெரியாது. தானியம் அள்ளும் சவளோடு ஏணியில் ஏறிக் கூரைத் துவாரத்தால் உள்ளே இறங்கினேன். ஏறுமுன் ஏணியடியில் சப்பாத்தைக் கழற்றி வைத்தேன். நான் பரந்தன் பக்கத்து வயல்காரன். சூடடிக்கிற களத்திலும் நெல்லின் மேலும் செருப்புக் காலோடு ஏறமாட்டோம். யோசித்துச் செய்ததில்லை, கால் பழக்கம்.

கட்டியைக் குத்தி உடைத்துக்கொண்டிருந்தபோது ஹென்ரி திரும்பி வந்தார். நான் கழிப்பறைக்குப் போயிருப்பேன் என்று நினைத்து, அடைப்பு எடுபடுகிறதா என்று பார்க்க ஓகரைப் போட்டார். காலடியில் கோதுமை ஓடத் தொடங்கியது. முழங்கால் மறைந்தது. காலைத் தூக்கப் பார்த்தேன், தூக்க ஏலவில்லை. கத்தினேன். ட்ராக்டர் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இடுப்பு மறைந்தபோது ஓகர் நின்றது.

லொறிப் பக்கம் நடந்த ஹென்ரி ஏணியடியில் வெறும் சப்பாத்தைக் கண்டிருக்கிறார்.

இடுப்பளவு கோதுமைக்குள் நிற்கிற ஆளைக் கையால் இழுக்க முடியாது. இழுத்தால் முதுகு முறியும். ஹென்ரி துவாரத்தில் குப்புறப் படுத்து ஒரு கயிற்றை இறக்கினார். அதை என் கக்கத்துக்குக் கீழே கட்டச் சொன்னார். போனில் அயலவர்களைக் கூப்பிட்டார். பிறகு பேசத் தொடங்கினார். அவருடைய இங்கிலீசை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"அசையாதை, சிவா. மூச்சைக் கவனமா விடு. நான் கதைக்கிறன், நீ பதில் சொல்லு. பேசாமல் இருக்கக்கூடாது."

தன் பூட்டன் உக்ரைனிலிருந்து வந்த கதையைச் சொன்னார். அரசாங்கம் நூற்றறுபது ஏக்கர் எழுதிக் கொடுத்ததாம். மூன்று வருடத்துக்குள் நிலத்தை உடைத்து, வீடு கட்டி, அதில் குடியிருந்தால்தான் காணி சொந்தம். வீடு கட்ட மரம் இல்லை. புல்லும் வேருமாக நிலத்தைக் கலப்பையால் கீறி, கல்லைப்போல் வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். மழை வெளியே விட்டாலும் வீட்டுக்குள் இன்னும் இரண்டு நாள் பெய்யுமாம்.

எனக்குக் கால் மரத்துக்கொண்டு வந்தது. பேசவேண்டுமே என்பதற்காக, அதற்கு முதல் அது யாருடைய நிலம் என்று கேட்டேன்.

"வெறும் நிலம் எண்டுதான் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவை. வெறும் நிலம் இல்லை. ஆதிக்குடிகள் கூடாரம் அடிச்ச கல்லு வட்டம் வடக்குக் காணியில இப்பவும் கிடக்கு. அதில நான் கலப்பை வைக்கிறேல்லை. அவையளைத் துரத்திப்போட்டுத்தான் அரசாங்கம் எங்களுக்குக் காணி எழுதினது."

பிறகு அறுவடைக் கூட்டங்களைப் பற்றிச் சொன்னார். அந்தக் காலத்தில் சூடடிக்க இருபது பேர் வருவார்கள். அவருடைய பூட்டி சாப்பாட்டு மேசையில் தலை எண்ணுவாவாம். ஒரு தலை குறைந்தாலும் யாரும் கரண்டியைத் தொடக்கூடாது, எழுந்து போய்த் தேடவேண்டும். பிறகு பெரிய இயந்திரங்கள் வந்தன. சனம் நகரங்களுக்குப் போனது. நாற்பது குடும்பம் உழுத காணியை இப்போது அவர் ஒருவரே உழுகிறார்.

"எண்ண ஆளில்லை, சிவா. இண்டைக்கு உன்ர சப்பாத்துத்தான் எண்ணினது."

அரை மணித்தியாலத்தில் ஐந்து லொறிகளில் அயலவர்கள் வந்தார்கள். களஞ்சியத் தகரத்தைச் சுற்றிவரச் சம இடைவெளியில் இரும்பறுக்கும் வாளால் வெட்டினார்கள். அந்த வருட விளைச்சல் மண்ணில் கொட்டிக் குன்றாகியது. ஹென்ரி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு மணித்தியாலத்தின் பின் என்னைத் தூக்கி வெளியே விட்டார்கள். வெறுங்காலோடு நின்றேன்.

மறுநாள் காலை ஹென்ரி ட்ராக்டருக்குப் பக்கத்தில் ஆணிகள் பதித்த ஒரு பலகை அடித்தார். களஞ்சியத்துக்குள் இறங்குகிறவன் தன் சப்பாத்தை அதில் கொழுவிவிட்டு இறங்கவேண்டும். அங்கே சப்பாத்துத் தொங்கினால் எவரும் ஓகரைத் தொடக்கூடாது. அடுத்த அறுவடைக்குள் அயலில் எல்லா முற்றத்திலும் ஒரு பலகை இருந்தது.

3. ஹெலனின் கேள்வி

நான் சொல்லி முடிந்ததும் ஹெலன் ஒன்றே ஒன்று கேட்டார்: "மெசினைப் போட்டது ஹென்ரி. அப்ப பிழை ஆற்றை?"

"முதல் பிழை என்ரை," என்றேன். "நில் எண்டு சொல்ல நிக்கேல்லை. ஒருத்தரிட்டையும் சொல்லாமல் இறங்கினனான். பாக்காமல் போட்டது அவற்றை பிழை. ஆனால் தப்பினது ரெண்டு பேற்றை கெட்டித்தனமும் இல்லை."

அவர் படிவத்தில் ஏதோ எழுதினார். சான்றிதழ் இல்லாமல் சைலோவுக்குள் யாரையும் விடமுடியாது, மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்புகிறேன், சோதனையில் தேறினால் வேலை உங்களுக்கு என்றார். சோதனை இங்கிலீசில். முதல் தடவை தேறவில்லை. யூட் ஒவ்வொரு பின்னேரமும் கேள்விகளை வாசித்துக் காட்டினான். வாசித்து வாசித்து அவனே அந்தப் பயிற்சிக்கு விண்ணப்பித்தான். இரண்டாவது தடவை நான் தேறினேன். இப்போது ஏழு வருடமாகிறது. ஒரே இடத்தில் நான் இவ்வளவு காலம் நின்றது இதுதான்.

இங்கே சைலோவுக்குள் இறங்குமுன் மெசின் சுவிட்சைப் பூட்டி, திறப்பை என் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். நான் வெளியே வந்து திறக்கும்வரை யாராலும் அதைப் போட முடியாது. இரும்பு முனை வைத்த சப்பாத்தைக் கழற்றவும் கூடாது, அது சட்டம். முதல் நாள் சப்பாத்துக் காலைக் கோதுமையில் வைக்குமுன் குனிந்து அந்தத் தானியத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மேலே கயிறு பிடித்து நின்றவர் ஏதாவது விழுந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இவ்வளவுதான் இருக்கிறது. வேலையில் எல்லோரும் ஒருநாள் தற்செயலாகத் தப்புவோம். தப்பியதில் சந்தோஷப்பட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்காதீர்கள். எதனால் தப்பினோம் என்று கண்டுபிடித்து, அடுத்தவனும் அதனால் தப்பும்படி மறுநாள் காலையிலேயே ஒரு ஆணி அடியுங்கள்.