காலேஜ் எலியும் கைத்தறித் தெருவும்

எலியப் புடிக்கிறவனுக்கு ஊர்ல மரியாதை உண்டு, எலிக்கு வேளாவேளைக்குத் தீனி போடறவனுக்கு மட்டும் கெடையாது. நான் ரெண்டாவது ரகம். ஆரணிப் பக்கம் ஒரு பார்மசி காலேஜ்ல, ஆராய்ச்சிக்கு வெச்சிருக்கற வெள்ளெலிங்களப் பாத்துக்கறது என் வேலை.

இதச் சொன்னதுமே நீங்க இன்னா எதிர்பாக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். திருவிழாவுல மிமிக்ரி பண்றவனாச்சே, எலி மாதிரி கீச்சுகீச்சுன்னு கத்திக் காட்டுவான்னுதானே? மாட்டேன். இல்லாட்டி ஊசி, ரத்தம், பூனை சைசுல எலின்னு எதனா வரும்னு காத்துகினு இருப்பீங்க. அதுவும் வராது. உமி, தீனி, தண்ணி, வெளிச்சம், அவ்ளோதான் என் சரக்கு. என்னா வேலை பாக்கறேன்னு சொன்னதும் எதிர்ல இருக்கறவன் சிரிக்கறதப் பாத்துப் பழகிப்போன சகோதர சகோதரிங்களே, உங்களுக்குத்தான் இது. ஏன்னா எங்க தெரு எனக்குக் கெடு வெச்சுது. ஒண்ணு அந்த வேலைய வுடு, இல்லாட்டி வூட்டக் காலி பண்ணு. ரெண்டும் முடியாதுன்னுட்டேன்.

சேர்மன் கொரலு

எலி ரூமுக்குன்னு சட்டதிட்டம் இருக்குது. ஏசி ஒரே அளவுல ஓடணும். பன்னண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னண்டு மணி நேரம் இருட்டு. முக்கியமா, சத்தம் கூடாது. சத்தம் கேட்டா எலி மெரண்டுக்கும், மெரண்டா சரியாத் துன்னாது, அப்பால ஆராய்ச்சி முழுக்கக் கோணல். வாய வெச்சுப் பொழைக்கறவன் நான், என்னக் கொண்டுபோய் வாயத் தொறக்கக் கூடாத ரூம்ல போட்டாங்க பாருங்க.

ஒருநாள் பிரின்சிபால் நாலு விருந்தாளிங்கள அழைச்சுகினு உள்ள வந்து, மைக் இல்லாமயே மேடைப்பேச்சு பேச ஆரம்பிச்சுட்டாரு. எலிங்க எல்லாம் கூண்டு மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிச்சு. சைகை காட்டினேன், பாக்கல. கூண்டு அடுக்கின ராக்குக்குப் பின்னால போய் நின்னுகினு, எங்க சேர்மன் கொரல்ல, தொண்டையக் கனைச்சு, "பிரின்சிபால், வெளிய போய்ப் பேசலாமே"ன்னேன். "யெஸ் சார், யெஸ் சார்"னு அத்தினி பேரையும் ஓட்டிகினு வெளிய போயிட்டாரு மனுஷன். சேர்மன் வெளிநாடு போயிருக்காருங்கறது அவருக்கு வராண்டாவுலதான் ஞாபகம் வந்துது. திரும்பி வந்து கதவத் துளியூண்டு தொறந்து, குசுகுசுன்னு கேட்டாரு: "யோவ் கொமரேசா, எலிக்கு ஒண்ணும் ஆவலல்ல? எனக்குத்தான்யா பி.பி. ஏறிப்போச்சு."

மல்லாட்டை

எலிக்குத் தீனின்னா கம்பெனியிலர்ந்து மூட்டையில வர்ற உருண்டை. சுண்டுவெரல் தண்டிக்கு, மரக்கட்டை மாதிரி கெட்டியா இருக்கும். தானியம், பருப்பு, சத்து எல்லாம் அளவாப் போட்டு அழுத்தினது. பொறந்ததுலர்ந்து அதே உருண்டை, அதே தண்ணி. பொங்கலுக்கும் அதான், தீபாவளிக்கும் அதான்.

ப்ராஜெக்ட் பண்ண வந்த ஒரு பொண்ணு மனசு கேக்காம, துப்பட்டாவுல மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, முடிஞ்சு கொண்டாந்து கூண்டுல போட்டுகினு இருந்தது. கையும் களவுமாப் புடிச்சேன். "இந்தாம்மா, இங்க இருக்கற எலியும் எங்கியோ தூரதேசத்துல இருக்கற எலியும் ஒரே தீனி துன்னாத்தான், மருந்து வேலை செஞ்சுதா மல்லாட்டை வேலை செஞ்சுதான்னு தெரியும். எடு வெளிய"ன்னேன். அது கண்ணக் கசக்கிச்சு. வுடுவனா? "தெனம் ஒரே சாப்பாடு துன்னா எலி ஒண்ணும் செத்துடாது"ன்னு இன்னும் கொஞ்சம் ஏத்தினேன். அதுக்கு அது சொல்லிச்சு: "எங்க ஹாஸ்டல்ல தெனம் உப்புமா போடறாங்கண்ணே, செத்துட மாட்டோம்தான், ஆனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

களம்பூர் உமி

கூண்டு அடியில உமி பரப்பணும். எலிக்கு அதான் மெத்தை, அதான் கக்கூஸ். ஈரம் இருக்கக் கூடாது, தூசி இருக்கக் கூடாது, ஒரு நொய்யரிசி கூட இருக்கக் கூடாது. இருந்தா அதப் பொறுக்கித் துன்னுடும், தீனிக் கணக்கு கெட்டுடும்.

களம்பூர் அரிசி மில்லுல போய், மூட்டை மூட்டையா கையவுட்டு அள்ளி, மோந்து, ஊதி, வெயில்ல புடிச்சுப் பாத்துகினு இருந்தேன். பின்னால லாரிக்காரங்க ஹாரன் அடிச்சுகினு நிக்கறாங்க. அடிச்சா அடிக்கட்டும். எங்க எலி படுக்கறதுக்கு நான்தானே பதில் சொல்லணும்? மில் ஓனர் கல்லாவுலர்ந்து எழுந்தே வந்துட்டாரு: "யோவ், உமி வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

தேதி தாண்டின மூட்டை

தீனி மூட்டையில தேதி போட்டிருக்கும். தேதி தாண்டினா எலிக்குப் போடக் கூடாது. "குழி தோண்டிப் பொதைச்சிடு"ன்னாரு எங்க சார். நல்ல தீனிய மண்ணுக்குப் போட எனக்கு இன்னா பைத்தியமா? சைக்கிள் கேரியர்ல கட்டி வூட்டுக்குக் கொண்டாந்து, கொல்லையில கோழிக்குக் கொட்டினேன். மூட்டை தாழ்வாரத்துல வாயத் தொறந்துகினு கெடக்கும், கோழி அதுபாட்டுக்குத் துன்னுகினு இருக்கும்.

தெருமொனையில இட்லிக் கடை வெச்சிருக்கற செல்விதான் என் முட்டைக்கெல்லாம் கிராக்கி. ஒரு வாரம் வாங்கிப் பாத்துட்டு, கரண்டியும் கையுமா ஓடியாந்தா: "அண்ணே, உங்க கோழி முட்டையில ஆப்பாயில் போட்டா மஞ்சக்கரு எம்.எல்.ஏ. மாதிரி நிமிந்து ஒக்காருதுண்ணே!"

அறுந்த பாவு

இப்ப விஷயத்துக்கு வரேன். எங்க தெருவுல வூட்டுக்கு வூடு பட்டுத்தறி. எலின்னாலே எங்களுக்கு ஆவாது. பாவுல, அதான் தறியில நீளவாக்குல ஓடற நூல்ல, தடவின கஞ்சி வாசனைக்கு வந்து, கறுக்கறுக்குன்னு நூலக் கத்தரிச்சுட்டுப் போயிடும்.

என் பக்கத்து வூட்டுக்காரரு, என் வூட்டுக்கும் ஓனரு, தனபால் மாமா. அவரு தறியில ஒரு கல்யாணப் பொடவை ஓடிகினு இருந்தது. காலையில பாத்தா பாவுல கையகலத்துக்கு நூல் அறுந்து தொங்குது. மாமாவும் அத்தையும் ஒவ்வொரு இழையா எடுத்து முடி போட்டுகினு ஒக்காந்திருந்தாங்க. அதப் பாக்க எனக்கே தாங்கல. ஆனா என்னப் பாத்ததும் மாமா வாயத் தொறந்தாரு பாருங்க: "காலேஜ்ல வளத்தது போதாதுன்னு, எலிய எங்க தறிக்கே ட்ரெயினிங் அனுப்பிட்டியாடா?"

கூண்டுல மாட்டினது

ஞாயித்துக்கெழமை காலையில செல்வி கடை வாசல்ல தெருவே கூடிடுச்சு. வேலையா, வூடா, இப்பவே சொல்லுன்னாங்க. நல்லவேளை, அன்னிக்குன்னு பாத்து செல்வி கடை எலிக்கூண்டுல ஒண்ணு மாட்டியிருந்தது. கூண்டத் தூக்கி பெஞ்சு மேல வெச்சேன். மேடை கெடைச்சுடுச்சு, வுடுவனா?

"நல்லாப் பாத்துக்கோங்க. எங்க எலி வெள்ளை, கண்ணு செவப்பு. இது கருப்பட்டி கலரு. எங்க எலி இரும்புக் கம்பி மூடி போட்ட கூண்டுல, ரெண்டு கதவுக்கு உள்ள இருக்குது. ஏசி இல்லாம இந்த ஊரு வெயில்ல அரை நாள் தாங்காது. அது பஸ் ஏறி வந்து மாமா தறியத் தேடிப் புடிச்சுதாக்கும்?" அப்பால தனபால் மாமா கொரல்லயே, அவரு மூக்க உறிஞ்சற அந்த எடத்துல கரெக்டா உறிஞ்சி, எலிக்கு டிக்கெட் கேட்டுக் காட்டினேன். தெருவே உருண்டு பொரண்டு சிரிச்சுது. மாமாவுக்கே ஒதடு துடிக்குது. "சரிடா, சரிடா, வெள்ளையும் கருப்பும் எனக்குத் தெரியாதா. வேலைக்குப் போய்த் தொலை, வூட்லயே இரு"ன்னு துண்ட ஒதறித் தோள்ல போட்டுகினு எழுந்துட்டாரு. ஜெயிச்சுட்டேன்.

அப்பதான் செல்விக்கு எனக்கு ஒத்தாசை பண்ணணும்னு தோணிச்சு. கரண்டிய ஆட்டிகினு, எல்லாருக்கும் கேக்கறாப்பல சொன்னா: "அண்ணன் மேல எந்தத் தப்பும் இல்ல மாமா, அண்ணனாலதான் இந்தச் சனியனே மாட்டிச்சு. தேங்காச் சில்லு வெச்சேன், மசால்வடை வெச்சேன், திரும்பிக்கூடப் பாக்கல. அண்ணன் தாழ்வாரத்து மூட்டையிலர்ந்து அந்தக் காலேஜ் உருண்டை ரெண்டு எடுத்து வெச்சேன், தாய் வூட்டுச் சாப்பாடு மாதிரி ஓடியாந்து பூந்துகிச்சு!"

இன்னிக்கு வரைக்கும் நான் வேலையையும் வுடல, வூட்டையும் காலி பண்ணல, அந்தத் தீனி மூட்டையோட காலி பண்ணிகினு போனது கோழிங்க மட்டும்தான்.